துப்பாக்கியிலிருந்து குறிப்பேட்டுக்கு: இங்கிலாந்துக் குளிர்காலப் பறவைநோக்கலின் வரலாறு

வட அகலக்கோடு 50 பாகைக்கும் 56 பாகைக்கும் இடையே கிடக்கும் இங்கிலாந்து, அதே அகலக்கோட்டில் உள்ள ரஷ்யச் சமவெளிகளைப் போல மாரிக்காலத்தில் உறைந்து இறுகிவிடுவதில்லை. அட்லாண்டிக் பெருங்கடலின் வெப்ப நீரோட்டமும், அதன்மேல் தவழ்ந்து வரும் தென்மேற்குக் காற்றும் அந்நாட்டின் கழிமுகங்களையும் சேற்று வெளிகளையும் பெரும்பாலான ஆண்டுகளில் திறந்தே வைத்திருக்கின்றன. ஆதலால் அக்டோபர் முதல் மார்ச் வரை, வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் பறவைகளுக்கு அது ஓர் அடைக்கலமாகிறது. சைபீரியக் கடலோரத்திலிருந்து பிரெண்ட் எனும் கருநிறப் பெருவாத்துகளும், ரஷ்யாவின் மரமற்ற துந்திரப் பரப்பிலிருந்து பீவிக் அன்னங்களும், ஐஸ்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால் கொண்ட பெருவாத்துகளும் கூட்டங்கூட்டமாக வந்து சேர்கின்றன. ஸ்காண்டிநேவியக் காடுகளிலிருந்து வரும் ரெட்விங், ஃபீல்ட்ஃபேர் எனும் பூங்குருவி இனங்கள் வயல்வேலிகளில் பழுத்திருக்கும் ஹாதார்ன் கனிகளை உண்டு மாரியைக் கழிக்கின்றன.

இந்தப் பருவத்துப் பறவைகளை நோக்கும் வழக்கம் இன்று இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் அமைதியான பொழுதுபோக்குகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆயினும் அதன் வேர் அமைதியானதன்று. வசந்தகாலப் பறவைகளைப் பாடலுக்காகவும் கூட்டுக்காகவும் கவனித்த மக்கள், குளிர்காலப் பறவைகளை நெடுங்காலம் இறைச்சிக்காகவே கவனித்தனர். வேட்டைக்காரர் சேர்த்துவைத்த அறிவே பிற்காலத்தில் கணக்கெடுப்பாகவும், சட்டமாகவும், நாட்டளவிலான வரைபடமாகவும் உருமாறியது. அம்மாற்றம் நிகழ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

பொறியும் படகும்

நார்ஃபோக், லிங்கன்ஷயர், எசெக்ஸ் ஆகிய கிழக்கு மாவட்டங்களின் சதுப்புநிலங்களில், 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு பிடிப்பு முறை பரவியது. டிகாய் என்று அழைக்கப்பட்ட இவ்வமைப்பு, மரங்கள் சூழ்ந்த ஆழமற்ற குளம் ஒன்றையும், அதிலிருந்து வளைந்து செல்லும் சில கால்வாய்களையும் கொண்டது. ஒவ்வொரு கால்வாயின் மேலும் வில்போன்ற வளைவுகள் நட்டு வலை போர்த்தப்பட்டிருக்கும். உள்ளே செல்லச் செல்ல அது குறுகிக் கடைசியில் ஒரு பையாக முடியும். கரையோரம் சாய்வாக நிறுத்தப்பட்ட நாணல் தட்டிகளின் இடைவெளியில் பழக்கப்பட்ட நாய் ஒன்று தோன்றித் தோன்றி மறைய, தம் பகைவிலங்கைக் கண்ணில் வைத்திருக்க விரும்பும் இயல்பினால் வாத்துகள் அதைப் பின்தொடர்ந்து கால்வாய்க்குள் நீந்தும். அப்போது தட்டிக்குப் பின்னிருந்து வெளிப்படும் பொறிக்காரரைக் கண்டு வாத்துகள் மிரண்டு முன்னோக்கிப் பறந்து வலைப்பையில் சிக்கும். மனித வாடை வாத்துகளை எட்டாதிருக்க, புகையும் பீட் எனும் சதுப்புக்கரிக் கட்டி ஒன்றைப் பொறிக்காரர் வாயருகே பிடித்துக்கொண்டு நடப்பதும் வழக்கமாயிருந்தது.

இத்தொழிலில் வெற்றி என்பது பறவையின் நடத்தையை நுணுக்கமாக அறிவதையே சார்ந்திருந்தது. எந்தக் காற்றில் கிளுவைகள் குளத்தில் இறங்கும், நாமத்தலை வாத்துகள் எந்த நேரத்தில் மேயப் புறப்படும், உறைபனி இறுகினால் எந்த இனம் முதலில் தெற்கே நகரும் என்பதெல்லாம் பொறிக்காரக் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற செய்திகள். சில பண்ணைகளில் ஒவ்வொரு பருவத்திலும் பிடிபட்ட வாத்துகளின் தொகை கணக்கேடுகளில் எழுதப்பட்டது. ரால்ஃப் பெய்ன்-கால்வே 1886-இல் வெளியிட்ட வாத்துப்பொறிகள் பற்றிய நூல் இத்தொழிலின் விரிவான பதிவாக அமைந்தபோது, தொழில் பெரிதும் நலிந்துபோயிருந்தது. சதுப்புகள் வடிக்கப்பட்டு வயல்களானதே அதன் முதன்மைக் காரணம்.

சதுப்பு வடிப்பு என்ற அதே திட்டம் பறவைகளுக்கு எதிர்பாராத ஒரு நன்மையையும் விட்டுச்சென்றது. கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் எனப்படும் தாழ்நிலத்தை வடிப்பதற்காக டச்சுப் பொறியாளர் வெர்மூய்டனின் காலத்தில் வெட்டப்பட்ட இரண்டு நேர்கால்வாய்களில் ஒன்று 1637-இலும் மற்றது 1651-இலும் முடிந்தன. இவற்றுக்கு இடையே வெள்ளநீரைத் தேக்குவதற்கென விடப்பட்ட நீண்ட புல்வெளியே ஊஸ் வாஷஸ். மாரியில் நீர் பரவும் இப்பட்டை, இன்று ஐஸ்லாந்திலிருந்து வரும் ஹூப்பர் அன்னங்கள் ஆயிரக்கணக்கிலும் பீவிக் அன்னங்கள் குறைந்த தொகையிலும் தங்கும் இடமாக, நாட்டின் தலையாய குளிர்காலப் பறவை வெளிகளுள் ஒன்றாக விளங்குகிறது.

கடலோரக் கழிமுகங்களில் வேறொரு தொழில் வழங்கியது. நீர்மட்டத்துக்குச் சற்றே மேலெழும் தட்டையான சிறு படகில் குப்புறப் படுத்து, படகின் முன்பகுதியில் பொருத்தப்பட்ட பெருந்துப்பாக்கியை மேயும் கூட்டத்தை நோக்கி மெல்ல நகர்த்தி, ஒரே வெடியில் பல பறவைகளை வீழ்த்துவது அம்முறை. கர்னல் பீட்டர் ஹாக்கர் 1814-இல் வெளியிட்ட கையேட்டின் வழியாக இது செல்வர்களின் விளையாட்டாகவும் பெயர்பெற்றது. எனினும் யார்மத் நகரை ஒட்டிய பிரெய்டன் கழியிலும் எசெக்ஸ் கரையிலும் அதைப் பிழைப்பாகக் கொண்டோர் ஏழைகளே. அவர்கள் கொன்ற வாத்துகள் லண்டனின் லெடன்ஹால் சந்தைவரை சென்றன. பிரெய்டன் வேட்டைக்காரரின் வாழ்க்கையையும் அவர்களுடைய பறவை அறிவையும் எழுத்தில் காத்தவர், யார்மத்தில் எளிய குடும்பத்தில் பிறந்த ஆர்தர் பேட்டர்சன் (1857–1935). ஓதத்தின் ஏற்றவற்றம், நிலவின் ஒளி, காற்றின் திசை ஆகியவற்றோடு பறவைகளின் வரவைப் பொருத்திப் பார்க்கும் முறை அவர் நூல்களின் வழியாகவும் பொதுமக்களை எட்டியது.

ஊர்க்குருவின் நாட்குறிப்பு

வேட்டைக்காரரின் அறிவு வாய்மொழியில் வாழ்ந்த காலத்திலேயே, எழுத்தில் வாழ்ந்த மற்றொரு மரபும் தோன்றியது. ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் செல்போர்ன் சிற்றூரில் துணைக்குருவாகப் பணியாற்றிய கில்பர்ட் வைட் (1720–1793), டெய்ன்ஸ் பேரிங்டன் என்ற சட்ட அறிஞர் வகுத்த கட்டமிட்ட நாட்குறிப்பேட்டை 1768 முதல் நாள்தோறும் நிரப்பி வந்தார். வெப்பநிலை, காற்று, மழை, செடி பூத்த நாள், பறவை வந்த நாள் ஆகியவை தனித்தனிக் கட்டங்களில் அமைந்த அந்த ஏட்டில், ஃபீல்ட்ஃபேர்களின் வருகையும், கடும்பனியில் மடிந்த பறவைகளும், தோட்டங்களைத் தேடிவந்த சிறு குருவிகளும் இடம்பெற்றன. அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு 1789-ஐ வெளியீட்டாண்டாகத் தாங்கி வந்தபோது, ஒரு தனி ஊரின் இயற்கையைத் தொடர்ந்து நோக்குவதே அறிவியலாகலாம் என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றியது. மாரியில் தகைவிலான்கள் எங்கே செல்கின்றன என்ற கேள்விக்கு அவரால் உறுதியான விடை காண இயலவில்லை. அவற்றுள் சில உள்ளூரிலேயே மறைந்து உறங்கக்கூடும் என்ற ஐயம் அவரிடம் இறுதிவரை நீடித்தது. விடை பிழைத்தாலும், ஒரே ஊரில் ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்ட முறை பிழைக்கவில்லை.

நியூகாசில் நகரின் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பீவிக், நிலப்பறவைகள் பற்றி 1797-இலும் நீர்ப்பறவைகள் பற்றி 1804-இலும் வெளியிட்ட நூல்கள், பறவைகளை இனங்காணும் வாய்ப்பைச் சாதாரண வீடுகளுக்கும் கொண்டுசென்றன. அவர் மறைந்தபின், 1830-இல், வில்லியம் யாரெல் என்ற இயற்கையியலாளர் ஹூப்பர் அன்னத்தினும் சிறிய ஓர் அன்னத்தை மூச்சுக்குழலின் அமைப்பு முதலிய உள்ளுறுப்பு வேறுபாடுகளால் பிரித்துக் காட்டி, அதற்குப் பீவிக்கின் பெயரைச் சூட்டினார். ஒரு குளிர்கால விருந்தாளியைத் தனி இனமென அறிவதற்கே அதன் உடலை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது என்பது அக்காலத்து அறிவியலின் நிலை. விக்டோரியா அரசியின் காலத்தில் இந்நிலை ஒரு மோகமாகவே வளர்ந்தது. நார்ஃபோக் கடற்கரையின் கிளே போன்ற ஊர்களுக்கு இலையுதிர்காலத்திலும் மாரியிலும் வந்திறங்கிய சேகரிப்பாளர்கள், வழிதவறி வந்த அரிய பறவைகளைச் சுட்டு, பதப்படுத்திக் கண்ணாடிப் பேழைகளில் வைத்தனர். சுடப்படாத பறவையைப் பற்றிய செய்தியை அறிஞர் எளிதில் ஏற்கவும் இல்லை.

சட்டம் மறந்த பருவம்

பறவைகளைக் காக்கும் முதல் நவீனச் சட்டம் 1869-இல் கடற்பறவைகளுக்காக இயற்றப்பட்டது. யார்க்ஷயரின் பெம்ப்டன் பாறைமுகடுகளில் குஞ்சு பொரிக்கும் பறவைகள் பொழுதுபோக்காகச் சுடப்பட்டதைக் கண்டித்த குருமார்களும், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆல்ஃப்ரட் நியூட்டனும் அதற்கு வழிவகுத்தனர். அச்சட்டம் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 1 வரை மட்டுமே தடை விதித்தது. 1880-இன் காட்டுப்பறவைச் சட்டமும் மார்ச் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரையிலான காலத்துக்கே பொதுப் பாதுகாப்பை அளித்தது. இனப்பெருக்கப் பருவத்தைக் காத்தால் இனம் பிழைக்கும் என்ற அடிப்படை நியாயமானதே. ஆனால் அதன் விளைவாக, வேறு நாடுகளில் குஞ்சு பொரித்து மாரியில் மட்டும் இங்கிலாந்துக்கு வரும் பறவைகள் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நின்றன.

சட்டம் செய்யாததைப் பொதுமக்களின் இரக்கம் ஓரளவு செய்தது. மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் 1889-இல் தொடங்கிய பறவைக் காப்புச் சங்கம், தொப்பிகளில் இறகு சூடும் நாகரிகத்தை எதிர்த்துப் பிறந்து, 1904-இல் அரச பட்டயம் பெற்றது. இதே காலத்தில் 1890–91-ஆம் ஆண்டின் நெடிய உறைபனி நாட்களில், பசியால் மடியும் பறவைகளுக்கு உணவிடுமாறு செய்தித்தாள்கள் மக்களை வேண்டின. அடுத்து வந்த கடும்பனி நாட்களில் கருந்தலைக் கடற்காகங்கள் தேம்ஸ் ஆற்றின் வழியே லண்டனுக்குள் புகுந்தபோது, நண்பகல் இடைவேளையில் பாலங்களுக்கு வந்த தொழிலாளரும் சிறுவரும் தம் உணவின் மிச்சத்தை அவற்றுக்கு வீசினர் என்பதை, 1898-இல் வெளிவந்த தம் லண்டன் பறவைகள் நூலில் டபிள்யூ. எச். ஹட்சன் பதிவு செய்துள்ளார். சில ஆண்டுகளுக்கு முன்வரை அதே ஆற்றில் அதே பறவைகள் சுடப்பட்டன என்பதை எண்ணினால் இம்மாற்றத்தின் அளவு விளங்கும். பறவைக்கு உணவிடுதல் நாட்டின் பொழுதுபோக்காகிவிட்டதென்று 1910-இல் பஞ்ச் இதழ் எழுதியது. துப்பாக்கி இல்லாமல், சன்னலுக்கு உள்ளிருந்தே பறவையை அருகில் காணும் பழக்கம் இப்படித்தான் எளியோர் வீடுகளில் தொடங்கியது.

கண்ணாடியும் கால்வளையமும்

பறவையைக் கையில் எடுக்காமலே இனங்காண வேண்டுமானால் கருவி வேண்டும். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் 1894-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முப்பட்டகப் பைனாகுலர், தெளிவும் கையடக்கமும் ஒருங்கே கொண்ட முதல் கருவிகளுள் ஒன்று. எட்மண்ட் செலூஸ் 1901-இல் வெளியிட்ட பறவைநோக்கல் நூல், கொல்வதை விடக் காண்பதே மேலான இன்பமென வாதிட்டுத் துப்பாக்கியைக் கைவிடுமாறு வாசகரை அழைத்தது. ஹாரி விதர்பி 1907-இல் நிறுவிய பிரிட்டிஷ் பேர்ட்ஸ் இதழ், நாடெங்கும் சிதறிக் கிடந்த உள்ளூர்க் குறிப்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் களமாயிற்று.

அவரே 1909-இல் பறவைகளின் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் பூட்டும் திட்டத்தைத் தொடங்கினார். ஸ்டாஃபர்ட்ஷயரில் 1911-ஆம் ஆண்டு மே மாதம் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் பிடிபட்டபோது, கில்பர்ட் வைட்டைக் குழப்பிய கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைத்தது. கோடை விருந்தாளி மாரியில் செல்லும் இடத்தை அறிவித்த அதே வளையம், மாரி விருந்தாளிகளின் பிறப்பிடத்தையும் பின்னர் அறிவித்தது.

இடங்களைக் காக்கும் முயற்சியும் உடன் வளர்ந்தது. சேகரிப்பாளரின் துப்பாக்கிகள் முழங்கிய கிளே சதுப்புநிலம் 1926-இல் விலைக்கு வாங்கப்பட்டு, மருத்துவர் சிட்னி லாங்கின் முன்னெடுப்பில் நார்ஃபோக் இயற்கையியலாளர் அறக்கட்டளை அமைந்தது. மாவட்ட அளவில் இயற்கையைக் காக்க எழுந்த அமைப்புகளுள் அதுவே முதலாவது. மேக்ஸ் நிக்கல்சன், பெர்னார்ட் டக்கர் முதலியோர் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய கணக்கெடுப்புகளின் பயனாக, 1930-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை உருவாயிற்று. தன்னார்வலர் பலர் ஒரே முறைப்படி எழுதும் குறிப்புகளைத் திரட்டினால், தனியொரு அறிஞரால் எட்ட முடியாத முடிவுகளை எட்டலாம் என்பது அதன் நம்பிக்கை.

எண்ணத் தொடங்கிய வேட்டைக்காரர்

குளிர்கால நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை, இந்நம்பிக்கையைச் செயலாக்கியவர்களில் முதன்மையானவர் முன்னாள் வேட்டைக்காரர் ஒருவர். தென்துருவப் பயணத்தில் உயிர்நீத்த கேப்டன் ஸ்காட்டின் மகனான பீட்டர் ஸ்காட் (1909–1989), கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்தபோது வாஷ் வளைகுடாவின் சேற்றுவெளிகளில் பெருவாத்துகளைச் சுட்டுத் திரிந்தவர். பின்னர் நீன் ஆற்றுமுகத்தின் பழைய கலங்கரை விளக்கம் ஒன்றில் குடியேறி, அதே பறவைகளை ஓவியமாகத் தீட்டினார். க்ளஸ்டர்ஷயரில் செவர்ன் ஆற்றை ஒட்டிய ஸ்லிம்பிரிட்ஜ் புல்வெளிக்கு 1945 டிசம்பரில் சென்று, அங்கு மேய்ந்த வெண்ணெற்றிப் பெருவாத்துகளிடையே இங்கிலாந்தில் மிக அரிதான சிறிய வெண்ணெற்றிப் பெருவாத்தைக் கண்டார். அடுத்த ஆண்டு நவம்பரில் அவ்விடத்திலேயே செவர்ன் நீர்ப்பறவை அறக்கட்டளையை நிறுவினார்.

நாடு தழுவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1947-இல் தொடங்கியது. வேட்டைக்காரரும் அதில் பங்கு கொண்டனர். ஹல் நகரின் ஸ்டான்லி டங்கன் 1908-இலேயே நிறுவியிருந்த வேட்டைக்காரர் சங்கத்துக்கு, பறவைகள் குறைந்தால் வேட்டையும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. பழைய கருவிகள் புதிய பணிக்குத் திரும்பின: 1843-இல் ஸ்லிம்பிரிட்ஜ் அருகே இறைச்சிக்காகக் கட்டப்பட்ட வாத்துப்பொறியும், பீட்டர்பரோவை அடுத்த பரோ ஃபென் பொறியும் வளையமிடுவதற்கென வாத்துகளைப் பிடிக்கலாயின, பெருவாத்துக் கூட்டங்களின்மேல் வலையை வீசச் சிறு ராக்கெட்டுகள் பயன்பட்டன. ஸ்காட்டும் அவர் குழுவினரும் 1951-இல் ஐஸ்லாந்தின் நடுப்பகுதிக்குச் சென்று, இளஞ்சிவப்புக்கால் பெருவாத்துகள் பெருந்தொகையாக முட்டையிடும் வெளியை ஆராய்ந்தனர். 1964 முதல் ஸ்லிம்பிரிட்ஜில், பீவிக் அன்னங்களின் அலகில் உள்ள கருப்பு மஞ்சள் வடிவம் ஒன்றைப் போல் மற்றொன்றுக்கு இல்லை என்பதைக் கொண்டு, ஒவ்வோர் அன்னத்துக்கும் பெயரிட்டு, அது துணையோடும் குஞ்சுகளோடும் மீண்டும் வரும் ஆண்டுகள் குறிக்கப்பட்டன.

கணக்கெடுப்பின் பயனைப் பிரெண்ட் பெருவாத்தின் வரலாற்றில் காணலாம். அது விரும்பி உண்ணும் கடற்புல் 1930-களில் ஒரு நோயால் பேரளவில் அழிந்தபோது, பெருவாத்தின் எண்ணிக்கையும் சரிந்தது. 1954-இன் பறவைக் காப்புச் சட்டம் அதைச் சுடுவதைத் தடை செய்தது. பின்வந்த பத்தாண்டுகளில் அதன் தொகை உயர்ந்ததை மாதந்தோறும் எடுத்த கணக்குகள் காட்டின. குளிர்கால விருந்தாளிகளை 1880-இன் சட்டம் கைவிட்ட குறை, இவ்வாறு எண்களின் துணையோடு ஈடு செய்யப்பட்டது. கடும் உறைபனி நீடித்தால் வேட்டையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் விதி 1981-இன் காட்டுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டத்திலும் இடம்பெற்றது.

உறைந்த மாரியும் வரைபடமும்

1962–63-ஆம் ஆண்டின் மாரி, 1740-க்குப் பின் இங்கிலாந்து கண்ட மிகக் கடுமையான குளிர்காலம். டிசம்பர் இறுதி முதல் மார்ச் தொடக்கம் வரை நிலமும் நீரும் உறைந்து கிடக்க, மீன்கொத்திகளும், ரென் எனும் மிகச் சிறிய பழுப்புக் குருவிகளும் பெருந்தொகையில் மடிந்தன. பொதுப்பறவைக் கணக்கெடுப்பு என்ற ஆண்டுத்திட்டம் 1962-இல்தான் தொடங்கியிருந்ததால், அவ்வீழ்ச்சியும் அடுத்த ஆண்டுகளில் நிகழ்ந்த மீட்சியும் எண்களில் பதிவாயின. கில்பர்ட் வைட் ஓர் ஊரில் கண்டதை இப்போது நாடு முழுவதும் காண முடிந்தது.

1969-இல் கழிமுகப் பறவைகளின் ஆய்வு தொடங்கியது. லண்டனின் மூன்றாவது விமான நிலையத்தை எசெக்ஸின் மேப்ளின் மணல்வெளியில் அமைக்கும் திட்டம் 1970-களின் தொடக்கத்தில் எழுந்தபோது, அங்கு மாரியைக் கழிக்கும் பிரெண்ட் பெருவாத்துகளின் தொகை பொதுவிவாதத்தில் இடம்பெற்றது. அத்திட்டம் பொருளாதாரக் காரணங்களால் 1974-இல் கைவிடப்பட்டது. பறவைக் காப்புச் சங்கம் தன் சிறுவர் உறுப்பினருக்காக 1979-இல் தொடங்கிய ஜனவரித் தோட்டக் கணக்கெடுப்பு, இன்று இலட்சக்கணக்கானோர் பங்கேற்கும் நிகழ்வு. பத்துக் கிலோமீட்டர்ச் சதுரங்களாக நாட்டைப் பகுத்து 1981 முதல் 1984 வரை மூன்று மாரிகளில் களப்பணி செய்து உருவாக்கிய குளிர்காலப் பறவைகளின் வரைபட நூல் 1986-இல் வெளிவந்தது. இனப்பெருக்கக் காலப் பறவைகளுக்கான முதல் வரைபட நூல் 1976-இலேயே வந்துவிட்டது என்பதைக் காண்கையில், அறிஞர் உலகிலும் மாரி இரண்டாவதாகவே வந்தது என்பது புலனாகும்.

நீண்டகாலக் கணக்குகள் இன்று வேறொரு மாற்றத்தை அறிவிக்கின்றன. வடமேற்கு ஐரோப்பாவில் மாரியைக் கழிக்கும் பீவிக் அன்னங்கள் 1995-இல் சுமார் 29,000 ஆக இருந்து 2010-இல் சுமார் 18,000 ஆகக் குறைந்தன. இத்தொகைக் குறைவு ஒருபுறமிருக்க, மாரி மிதமாகிவருவதால் எஞ்சியவற்றில் பலவும் நெதர்லாந்திலும் ஜெர்மனியிலுமே தங்கிவிடுகின்றன. மறுபுறம், முன்பு மாரியில் தெற்கே சென்ற பிளாக்கேப் எனும் கருந்தொப்பிக் குருவியின் நடு ஐரோப்பியக் கூட்டம் ஒன்று இப்போது இங்கிலாந்துத் தோட்டங்களுக்கு வருகிறது. பனிக்காலத்தில் பறவைக்கு உணவிடும் வழக்கமும் அதற்கு ஒரு காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். சின்னக் கொக்கு 1996-இல் முதன்முதலாக இங்கிலாந்தில் கூடு கட்டி, இன்று மாரிக் கழிமுகங்களில் சாதாரணக் காட்சியாகிவிட்டது.

ஸ்லிம்பிரிட்ஜில் வளர்ந்த இம்முறை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. ஜனவரி மாதத்தில் பல நாடுகள் ஒரே சமயத்தில் நீர்ப்பறவைகளை எண்ணும் பன்னாட்டுக் கணக்கெடுப்பு 1967-இல் அமைந்தது. அதன் ஆசியக் கிளை 1987-இல் தொடங்கி, கோடியக்கரை முதலிய தமிழகச் சதுப்புகளையும் தன்னுள் கொண்டது. இங்கிலாந்தின் வாத்துப்பொறிகளில் சிக்கிய அதே கிளுவை, ஊசிவால் வாத்து இனங்கள் இங்கும் எண்ணப்படுகின்றன.

அரிய பறவையொன்றைக் காண நெடுந்தொலைவு விரைவது பறவைநோக்கலின் ஆரவாரமான முகம். ஆனால் குளிர்காலப் பறவைகளைப் பற்றி உறுதியாக அறிந்தவற்றில் பெரும்பகுதி, பொறிக்காரரின் கணக்கேட்டிலும், ஊர்க்குருவின் நாட்குறிப்பிலும், ஒரே கழிமுகத்துக்கு மாதந்தோறும் செல்லும் தன்னார்வலரின் படிவத்திலும் இருந்து வந்ததே. பிரித்தானியாவின் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பில் இன்றும் 3,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், முன்கூட்டியே குறித்த நாளில் தமக்குரிய நீர்நிலைக்குச் சென்று, கண்ணில்பட்ட ஒவ்வொரு வாத்தையும் எண்ணி எழுதுகின்றனர்.